மணல்மேட்டுக்கு ஒரு வழி போதும்

(பொதுக்குழுவில் பேசியது)



பின்பக்க கேட்டுக்கு எதிரே உள்ள மணல்மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தி நடைபாதை போடலாம் என்ற யோசனைக்கு நான் ஓட்டுப் போடப் போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-இல் வந்ததும் 2019-இல் வந்ததும், மணல்மேட்டை மாற்றியமைப்பதைத் தடை செய்கின்றன. அழகுபடுத்துகிறோம் என்றாலும் செல்லாது.

அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடும்புக் கொடியும் ராவணன் மீசையும்தான். காற்றில் வரும் மணல் அவற்றில் தங்குகிறது. கொடி செத்தால் அதே மணல் நம் கார் பார்க்கிங்குக்கு வரும். மழைநீர் இறங்குவதும் அந்த மணலில்தான்; போர் தண்ணீர் உப்பாகிறது என்று புலம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கொடிக்கு எமன் நம் கால்கள். மேட்டின் மேல் ஐந்து ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. எண்ணிவிட்டேன், குமாஸ்தா புத்தி! நான்கை மூங்கில் நட்டு, கயிறு கட்டி அடைப்போம். மிச்சமுள்ள ஒன்றும் சற்று வளைந்து போகட்டும். நேராக விட்டால் கடற்காற்று அதையே வாய்க்காலாக்கி மணலை அள்ளிவிடும்.

"வெளியாருக்கு அனுமதி இல்லை" என்று போர்டு வைக்கச் சொல்கிறார்கள். கூடாது. கடற்கரை பொது இடம். மீனவர்கள் படகு இழுக்கும் வழி நமக்கு முன்பிருந்தே இருப்பது. அதில் கை வைக்கவே வேண்டாம்.

ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பொரிந்த குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். மொட்டைமாடி ஃபோகஸ் லைட்டை அந்த மாதங்களில் அணைத்துவிடுங்கள்.

மூங்கில், கயிறு செலவை மெயின்டனன்ஸில் ஏற்ற வேண்டாம், நான் தருகிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாலு பேர் வந்தால் போதும்.