முதியோர் பராமரிப்பும் மக்கள் கடமையும்



பாரிசவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்த தந்தையைப் பராமரிப்பு இல்லத்திற் சேர்க்கும் மகனை ஊரார் பழிப்பர். அப்பழி நீதியன்று. படுக்கையிற் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்தாவிடின் படுக்கைப்புண் உண்டாகும். இரவும் பகலும் அதனைத் தனியொருவர் செய்தல் அரிது.

ஆயினும், சேர்த்தவுடன் கடமை தீர்ந்துவிடாது. பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் கூறுகின்றது. திங்கள்தோறும் கட்டணம் தவறாது வருகின்றது, மகன் வருவதில்லை என்பதே தந்தையர் பலரின் மனக்குறை.

செல்லும்போதெல்லாம் முதுகையும் குதிக்காலையும் பாருங்கள். கைகால்களை இயக்கும் பயிற்சியை இயன்மருத்துவரிடம் கற்று, உடனிருந்து செய்வியுங்கள். அன்று நடை பழக்கிய கைகள் இன்று பற்றிக்கொள்ள ஒரு கையை நாடுகின்றன.