பல் நாற்காலித் தண்ணீர்

(பேகம்பேட்டில், எழுதப் படிக்கக் கற்று முடித்த தமிழ்ப் பெண்களிடம் பேசியது)



போன வாரம் நம் வகுப்புக்கு ஒரு அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கன்னம் வீங்கி, துணி கட்டி உட்கார்ந்திருந்தார். "பல் டாக்டரிடம் போனேன். வியாழக்கிழமை பல்லைப் பிடுங்க வரச் சொன்னார். ஊசி புதுசா என்று கேட்டேன். கருவியை வேக வைப்பீர்களா என்றும் கேட்டுவிட்டேன்" என்றார். கெட்டிக்கார அக்கா. ஆனால் ஒன்றை அவர் கேட்கவில்லை. நானும் எந்த டாக்டரிடமும் அதைக் கேட்டதில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள். பல்லைக் குடையும் மெஷின் சுற்றும்போது பல் சூடாகும். சூடு தணிய, மெஷின் நுனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக வருகிறது. இரவு முழுவதும் குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் நிற்கும்.

நம் வீட்டுத் தொட்டியைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே கை வைத்தால் வழவழ என்று இருக்கும். குழாயின் உள்ளேயும் அதே வழவழப்புதான் படிகிறது. அது கிருமிகள் கட்டிய வீடு. தண்ணீர் ஓடும்போது அந்த வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து நம் வாய்க்குள் வரும். நல்ல குடிநீரை ஊற்றினாலும் இது நடக்கும். இங்கிலாந்தில் 1963-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். 2011-ல் இத்தாலியில் 82 வயது மூதாட்டி ஒருவர், பல் நாற்காலித் தண்ணீரில் இருந்த கிருமியால் நுரையீரல் காய்ச்சல் வந்து இறந்தார்.

அதனால்தான் பல் பிடுங்கும்போதும், ஈறைக் கீறும்போதும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தக் கூடாது. கிருமி நீக்கிய உப்பு நீர் பாட்டிலில் வருகிறது. சலைன் என்கிறோமே, அதுதான். புண்ணை அதில்தான் கழுவ வேண்டும்.

சரி, சலைன் இருந்தால் பயம் இல்லையா? நம்மில் பலருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் வேலூர்ப் பக்கம் நடந்ததைக் கேளுங்கள்.

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, திருப்பத்தூரிலும் பக்கத்து மாவட்டங்களிலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஒரு நோய் வந்தது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகத்தில் ஒரு பக்கம் இழுப்பு. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிருமி வாழ்வது சேற்றிலும் ஈர மண்ணிலும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசிய நோய்ப் பரவல் ஆய்வு நிறுவனத்தாரும் விசாரித்தார்கள். 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்! அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். பல்வலி என்று போனவர்கள், அம்மா.

கிருமி எங்கே இருந்தது? திறந்து வைத்திருந்த ஒரு சலைன் பாட்டிலில். ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சை வைத்துச் சரியாக மூடாமல் விட்டு, அதையே மறுபடி எடுத்திருக்கிறார்கள். 2025-ல் இந்த ஆய்வு அச்சில் வந்தது. காப்பாற்ற வேண்டிய தண்ணீரே நஞ்சாகிவிட்டது. ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? அதை மிச்சம் பிடித்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதைக் கேட்டு யாரும் பல் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். சொத்தைப் பல்லின் சீழும் உயிரை வாங்கும். ஒழுங்காகச் செய்யும் டாக்டர்கள் நிறையப் பேர். காலையில் சில நிமிடமும், ஒவ்வொருவருக்கும் பிறகு அரை நிமிடமும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஆனால் ஓடவிட்டால் மட்டும் வழவழப்பு போகாது. அதற்கென்று உள்ள மருந்தை ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும்.

நம் பேகம்பேட்டில்தான் 1897 ஆகஸ்ட் 20-ல் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவரிடம் மைக்ராஸ்கோப் இருந்தது. நம்மிடம் இருப்பது வாயும், புதிதாகக் கற்ற எழுத்தும். "ஐயா, எனக்குப் புது சலைன் பாட்டில் உடைப்பீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பாட்டிலில் கடைசித் தேதி எண்ணில் போட்டிருக்கும். எண் நமக்குத் தெரியும். படித்துப் பாருங்கள். பல் பிடுங்கிய பிறகு காய்ச்சலோ, விடாத தலைவலியோ, பேச்சுக் குழறலோ வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "எனக்குப் பல் வைத்தியம் நடந்தது" என்று முதலில் சொல்லுங்கள்.

அந்த அக்காவோடு வியாழக்கிழமை நானும் போகிறேன். பாட்டில் தேதியை அவரே படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.