கையில் வந்த பணமும் கணக்கில் வந்த பணமும்

(அறக்கட்டளையின் குடும்ப நல அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே பிரிட்டனில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், ஊரில் இருக்கும் மனைவியையோ கணவனையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது தங்கள் வருமானத்தை எப்படி நிரூபிப்பது? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை செய்திருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதற்குரிய வங்கி அறிக்கை, முதலாளியின் கடிதம் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். நம் உதவி மேசையில் வந்து கவலையோடு உட்காருகிறவர்கள் வேறு. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், கைபேசி பழுது பார்க்கிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வீட்டில் தையலும் டியூஷனும் பிரியாணி ஆர்டரும் எடுக்கிற சகோதரிகள். ஒரு மாதம் நாலாயிரம் பவுண்ட் வரும், அடுத்த மாதம் தொள்ளாயிரம் வரும். ரமலானில் ஒரு கணக்கு, ஆகஸ்டில் வேறு கணக்கு.

இவர்கள் எல்லோரும் எங்களிடம் முதலில் சொல்வது, "நான் நல்லா சம்பாதிக்கிறேன்" என்பதுதான். அதை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் இப்போது எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று உள்துறை அலுவலகம் உங்களிடம் கேட்கவில்லை. முடிந்துபோன ஒரு வரி ஆண்டில் எவ்வளவு லாபம் வந்ததாக வரித்துறையிடம் சொன்னீர்கள் என்று கேட்கிறது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புரியாததால்தான் நிக்காஹ் முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகியும் தம்பதிகள் வீடியோ அழைப்பிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறோம். 2012 முதல் 18,600 பவுண்டாக இருந்த ஆண்டு வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்ட் ஆனது. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து வாழ்க்கைத்துணை விசாவில் இருப்பவர்கள், அதே துணையோடு நீட்டிக்கும்போது பழைய வரம்பிலேயே தொடரலாம். புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு 29,000. ஊரில் இருக்கும் துணை அங்கே எவ்வளவு பெரிய சம்பளம் வாங்கினாலும் அந்தச் சம்பளம் இதில் சேராது.

இந்த 29,000 என்பது வரவு அல்ல, லாபம். வரி கழிப்பதற்கு முன், ஆனால் தொழில் செலவு கழித்த பின் நிற்கிற தொகை. கார் ஓட்டுகிற ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். கமிஷன் போக அவருக்கு ஆண்டுக்கு 36,000 பவுண்ட் வருகிறது. அவர் 30,000 மைல் ஓட்டியிருக்கிறார். வரித்துறையின் மைல் கணக்குப்படி முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். ஆக 4,500, அதனுடன் 5,000, மொத்தம் 9,500 செலவு. நிற்பது 26,500. வங்கியில் 36,000 வந்ததைப் பார்த்து, "வரம்பைத் தாண்டிவிட்டேன்" என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். விசாக் கணக்கில் அவருக்கு 2,500 குறைகிறது.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று தீர்ப்பளித்ததே, அப்படியானால் நாங்கள் சம்பளக்காரர்கள்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பு விடுமுறை ஊதியம், குறைந்தபட்சக் கூலி போன்ற உரிமைகளுக்கு. வரியைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் சுயதொழில் செய்கிறவர்களே.

சரி, ஏறி இறங்கும் வருமானத்துக்கு விதியில் இடமே இல்லையா? இருக்கிறது. சுயதொழிலுக்கு இரண்டு வழி உண்டு. கடைசியாக முடிந்த முழு வரி ஆண்டின் லாபத்தைக் காட்டலாம். அதற்கு எஃப் பிரிவு என்று பெயர். அல்லது கடைசி இரண்டு முழு ஆண்டுகளின் சராசரியைக் காட்டலாம். அது ஜி பிரிவு. போன வருடத்துக்கு முந்தின வருடம் 33,000, போன வருடம் உடம்பு முடியாமல் 26,000 என்றால், சராசரி 29,500. ஜி பிரிவில் போய்விடலாம். முந்தின வருடம் 20,000, போன வருடம் 30,000 என்றால் சராசரி பார்க்கவே வேண்டாம், எஃப் போதும். எந்த வழியானாலும் விண்ணப்பிக்கும் நாளில் தொழில் நடந்துகொண்டிருக்க வேண்டும். நல்ல ஆண்டு என்று நமக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது. பாதி வருடம்தான் ஓட்டினேன், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் முடியாது.

அதே வரி ஆண்டில் சம்பள வேலையும் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிச் சமையலறையில் பகுதிநேர வேலையும் வீட்டில் தையலும் செய்த ஒரு சகோதரி, தையலில் மட்டும் 14,100 தான் லாபம் என்று மனம் உடைந்து வந்தார். சம்பளம் 15,400. கூட்டினால் 29,500. அவர் அதுவரை இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்ததில்லை. நம் பெண்கள் தையல் காசைச் "சில்லறைக் காசு" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அவர் விண்ணப்பத்தில் பாதிக்குப் பாதி அந்தச் சில்லறைக் காசுதான். நல்ல வேளையாக அதை ஒழுங்காக வரித்துறையிடம் சொல்லியிருந்தார்.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5ல் முடிகிறது. டிசம்பரில் ஊருக்குப் போய் நிக்காஹ் முடித்து, ஜனவரியில் விண்ணப்பிக்க நினைக்கிற மாப்பிள்ளைக்கு, கடந்த ஒன்பது மாதமாக இரவு பகலாக ஓட்டிச் சம்பாதித்தது எதுவும் கணக்கில் வராது. அதற்கு முந்தின ஏப்ரலோடு முடிந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். ஏப்ரல் 5 வரை பொறுத்தால் இந்த ஆண்டு கைக்கு வரும். அப்போதும் பலர், கணக்கு தாக்கல் செய்ய அடுத்த ஜனவரி 31 வரை நேரம் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அது கடைசி நாள்தான். ஏப்ரல் 6ஆம் தேதியே தாக்கல் செய்யத் தடை இல்லை. ஏப்ரலில் முடிக்கக்கூடியதை ஜனவரிக்குத் தள்ளினால், பிரிந்திருக்கும் காலம் ஒன்பது மாதம் நீள்கிறது. மண்டபம், வலீமா, நகை எல்லாம் பேசும் பெரியவர்கள், மாப்பிள்ளையின் வரிக் கணக்கையும் ஒரு முறை கேட்டுவிட்டால் பெண் வீட்டாருக்குப் பிறகு மனக்கஷ்டம் வராது.

ஆவணங்கள் விஷயத்தில் நீட்ட வேண்டாம். வரிக் கணக்குத் தாக்கலின் நகல், எஸ்.ஏ.302 என்ற வரிக் கணக்கீட்டுத் தாள், யு.டி.ஆர். என்ற வரி எண், எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு பாக்கி என்பதற்கான ஆதாரம். இவை பெரும்பாலும் எச்.எம்.ஆர்.சி. இணையக் கணக்கிலேயே கிடைக்கும். தாக்கல் செய்து மூன்று நாள் கழித்துப் பாருங்கள். தொழில் இன்னும் நடக்கிறது என்பதற்குக் கடந்த மூன்று மாதத்துக்குள்ளான வங்கி அறிக்கையோ, தொழில் உரிமம் புதுப்பித்ததற்கான தாளோ, தொழில் காப்பீடு கட்டிய ரசீதோ வேண்டும். கணக்காளர் தயாரித்த கணக்கும் அவருடைய சான்றும் கேட்கப்படலாம். சொந்தமாக லிமிடெட் கம்பெனி வைத்து அதிலிருந்து டிவிடெண்ட் எடுக்கிறவர்களுக்கு விதியும் பட்டியலும் வேறு. அவர்கள் தனியாக வந்து பேசுங்கள்.

நாங்கள் அதிக நேரம் செலவழிப்பது வங்கி அறிக்கையில்தான். அந்த வரி ஆண்டின் பன்னிரண்டு மாதத்துக்கும் அறிக்கை வேண்டும். தொழில் வருமானம் உங்கள் பேரில் உள்ள கணக்குக்கு வந்தது அதில் தெரிய வேண்டும். நம் பழக்கம் என்ன? கையில் வாங்கிய காசில் பெட்ரோல் போட்டு, வீட்டுச் சாமான் வாங்கி, மிச்சத்தை உண்டியல்காரர் மூலம் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். வங்கி அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை. லாபம் 29,500 என்று தாளில் இருக்கும், வங்கியில் 17,000 தான் இருக்கும். அதிகாரி எதை நம்புவார்? கையில் வாங்குங்கள், தவறில்லை. அன்றோ அந்த வாரமோ வங்கியில் போட்டுவிட்டுப் பிறகு செலவழியுங்கள். எதிர்மாறான சிக்கலும் உண்டு. சீட்டு எடுத்த பணம், கல்யாண மொய், மச்சானிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் அதே கணக்கில் விழுந்து, எது தொழில் வரவு என்று யாருக்கும் தெரியாமல் போகும். தொழிலுக்கென்று ஒரு கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, யார் கொடுத்தார், எதற்கு, பில் எண், வங்கியில் விழுந்த தேதி. கார் ஓட்டுகிறவர்கள் வாராந்தர அறிக்கைகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணி கொடுத்த தொகைக்கும் உங்கள் வங்கிக்கு வந்த தொகைக்கும் நடுவில் கமிஷன் இருக்கிறது. அதை விளக்க அந்தத் தாள்தான் சாட்சி.

வருமானம் கொஞ்சம் குறைந்தால் சேமிப்பைக் காட்டி ஈடுகட்டலாம் என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சம்பளக்காரர்களுக்கு அது சரி. சுயதொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் கையிருப்பில் இருக்க வேண்டும். வாப்பாவோ அண்ணனோ "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதித் தரும் கடிதமும் பொதுவாக உதவாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருடமாக வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டியவர்கள், விசா நேரத்தில், "பழைய கணக்கைத் திருத்தி ஏற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 12 மாதம் வரை கணக்கைத் திருத்தச் சட்டம் அனுமதிக்கிறது. உண்மையில் விட்டுப்போனதைத் திருத்துவது கடமையும்கூட. ஆனால் விசாவுக்காக இல்லாத லாபத்தை எழுதி, அதற்கு வரியும் கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. திறன்மிகு குடியேறிகள் பலர், உள்துறைக்கு ஒரு வருமானமும் வரித்துறைக்கு வேறொரு வருமானமும் காட்டியதாகச் சொல்லி, நேர்மையற்றவர்கள் என்று நிராகரிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலரின் வழக்கில் 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சந்தேகம் இருந்தால் முதலில் அதை அவரிடம் சொல்லி, விளக்கம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் விளக்கம் கையில் இருந்தால்தானே சொல்ல முடியும்? பணம் குறைந்தது என்று நிராகரித்தால் அடுத்த வருடம் மறுபடி போடலாம். ஏமாற்றினார் என்று எழுதிவிட்டால் அது பல வருடம் கூடவே வரும்.

சட்டமே நம் விருப்பத்துக்கு விட்டிருக்கும் மூலதனக் கழிவு போன்றவை உண்டு. இந்த ஆண்டு எவ்வளவு கோருவது என்பதைக் கணக்காளரோடு தாக்கலுக்கு முன்பே பேசுங்கள். விசா போடப்போகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், வரியைக் குறைப்பதுதான் தன் வேலை என்று அவர் குறைத்துக்கொண்டே போவார்.

அழைக்கிறவர் மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ பராமரிப்பாளர் உதவித்தொகையோ பெறுகிறார் என்றால் 29,000 வரம்பே அவருக்குப் பொருந்தாது. வேறு, எளிய கணக்கு. இது தெரியாமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு. தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் பதிவு பெறாமல் குடியேற்ற ஆலோசனை தருவது குற்றம். குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவரோ வழக்கறிஞரோதான் உங்கள் வழக்கைப் பார்த்து ஆலோசனை சொல்லலாம். ஊர்க்காரர், நல்லவர், பத்துப் பேருக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் என்பது பதிவு ஆகாது. நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. அந்தப் பணம் உங்களுடையது, அவருடையது அல்ல. நாங்கள் இங்கே செய்வது பொதுத் தகவல் சொல்வது, தாள்களை வரிசைப்படுத்த உதவுவது, பதிவு பெற்றவர்களிடம் அனுப்பிவைப்பது. விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசு இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த அமர்வுக்கு வருகிறவர்கள் கடைசி இரண்டு ஆண்டின் எஸ்.ஏ.302, அதே மாதங்களின் வங்கி அறிக்கை இரண்டையும் எடுத்து வாருங்கள். நிக்காஹ் தேதி இன்னும் குறிக்காதவர்களும் வரலாம். அவர்களைத்தான் முதலில் பார்ப்போம்.