வேடமும் உறவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த முதியவர்களிடம் அக்கூத்தைப் பற்றி வினவினால், அவர்கள் கதையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். கதை எல்லோருக்கும் முன்பே தெரிந்த கதை. மாலையிலேயே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்தது, கச்சான் கடலை கொறித்தபடி அயலாரோடு பேசியிருந்தது, நடுச்சாமத்தில் கண்ணயர்ந்து மத்தள ஒலி கேட்டுத் திடுக்கிட்டு விழித்தது, அரசனாக வந்தவர் தம் ஒழுங்கையிலே குடியிருப்பவர் என்று கண்டு வியந்தது ஆகியவற்றையே அவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வர். ஆட்டத்தை விட, ஆட்டத்தைச் சூழ்ந்திருந்த கூட்டமே அவர்கள் நெஞ்சில் நிலைத்திருக்கிறது.

இதே ஏக்கத்தை முற்றிலும் வேறான ஒரு கூட்டத்தாரிடமும் கேட்கலாம். கணினி வழியே வேடம் புனைந்து ஆடும் விளையாட்டுகளில் இளமையைக் கழித்தவர்களே அவர்கள். இவ்விளையாட்டுகளின் வித்து 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே இடப்பட்டது. றோய் டிறப்ஷோ, றிச்சாட் பாட்டில் என்னும் இரு மாணவர்கள், பலர் ஒரே காலத்தில் புகுந்து உலவக்கூடிய ஒரு கற்பனை உலகை வெறும் எழுத்துகளாலேயே அமைத்தனர். 1999 இல் 'எவர்குவெஸ்ட்', 2001 இல் 'றூன்ஸ்கேப்', 2004 இல் 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்று அவ்வுலகங்கள் படங்களோடு விரிந்தன. ஒருவர் வீரனாகவோ வைத்தியனாகவோ மந்திரவாதியாகவோ வேடங்கொண்டு, கண்டம் விட்டுக் கண்டத்திலிருக்கும் முகமறியாதவர்களோடு சேர்ந்து ஆடலாம்.

அந்த ஆட்டங்களின் பழைய அமைப்பிலே ஒரு சிறப்பு இருந்தது. தனியொருவனால் அங்கே அரிதாகவே எதையும் சாதிக்க முடியும். அடி தாங்குபவன் ஒருவன், காயம் ஆற்றுபவன் ஒருவன், பகைவனைத் தாக்குபவர் சிலர் என்று ஒரு குழு சேர்ந்தாக வேண்டும். வோர்கிராப்ட் ஆட்டத்தின் தொடக்க காலத்திலே பெரும் போர்களுக்கு 40 பேர் வரை ஒன்றுகூடினர். எவர்குவெஸ்ட் ஆட்டத்திலோ கடல் கடக்க விரும்பியவன் துறையிலே கப்பலுக்குக் காத்திருந்தான். இழந்த ஆற்றலை மீளப் பெற அமர்ந்திருந்தான். அமர்ந்திருந்த நேரத்தில் அருகிருந்தவனோடு பேசினான். அப்பேச்சிலிருந்து நட்புப் பிறந்தது.

காத்திருப்பது வீண் என்று எண்ணியவர்கள் பின்னர் அதனை அகற்றினார்கள். 2009 டிசம்பரில் வோர்கிராப்ட் ஆட்டத்திலே, ஒரு பொத்தானை அழுத்தியதும் கணினியே துணைவர்களைத் தேடிச் சேர்த்துவிடும் ஏற்பாடு வந்தது. துணைவரைத் தேடி அலைய வேண்டிய தொல்லை தீர்ந்தது. ஆனால், கணப்பொழுதிற் சேர்ந்தவர்கள் வணக்கமும் கூறாது கணப்பொழுதிற் பிரிந்தார்கள். அவ்வாறு சேர்ந்தவனை மறுநாளும் சந்திப்போம் என்ற எண்ணம் இல்லாதபோது, அவனிடம் அன்பாக நடப்பதற்கும் நாணுவதற்கும் காரணம் குறைந்தது. ஆட்டம் இலகுவாயிற்று; உறவு மெலிந்தது. ஆகவேதான் பழைய ஆட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. றூன்ஸ்கேப் ஆட்டத்தின் 2007 ஆம் ஆண்டு வடிவம், ஆடுவோரின் வாக்கெடுப்பின் பின்னர் 2013 இல் மீண்டும் திறக்கப்பட்டது. வோர்கிராப்ட் ஆட்டத்தின் ஆதி வடிவமும் 2019 ஆகஸ்ட் மாதத்தில் மீண்டது.

இவ்வேக்கத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ள அமெரிக்க சமூகவியலாளர் றே ஓல்டன்பேக் 1989 இல் எழுதிய ஒரு கருத்து உதவுகிறது. மனிதனுக்கு வீடு ஓரிடம். தொழில் செய்யும் தலம் இரண்டாம் இடம். இவ்விரண்டுமல்லாத, பதவியும் பெருமையும் பாராட்டாது பலரும் கூடிப் பேசுகின்ற மூன்றாம் இடமும் வேண்டும் என்றார் அவர். இத்தகைய மூன்றாம் இடங்களாக இணைய விளையாட்டுகள் அமைகின்றன என்று 2006 இல் இரு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். குடாநாட்டு மக்களுக்கு இது புதுமையன்று. வாசிகசாலைத் திண்ணையும், கோயில் வீதியும், சந்தி மதகும், கூத்துக் கொட்டகையும் அவர்களுடைய மூன்றாம் இடங்களாக விளங்கியவை அல்லவா?

கூத்தின் உண்மையான வாழ்வு அரங்கேறும் இரவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிற்று. பாசையூர், குருநகர், நாவாந்துறை போன்ற கடலோர ஊர்களிலே கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தைப் பயின்றனர். வட்டுக்கோட்டையிலே வடமோடிக் கூத்து வளர்ந்தது. அம்மன் கோயில்களிலே நேர்த்தியாகக் காத்தவராயன் கூத்து ஆடப்பட்டது. பகலெல்லாம் கடலிலும் வயலிலும் உழைத்தவர்கள் இரவிலே அண்ணாவியாரின் முன் கூடுவர். எழுத்தறியாதவனுக்கும் அண்ணாவியார் பாட்டைச் சொல்லிக் கொடுத்து மனனஞ் செய்விப்பார். ஆடத் தெரியாதவன் பிற்பாட்டுக்கு நிற்பான். பாடவும் இயலாதவன் கொட்டகைக்குத் தடி வெட்டுவான், தேநீர் ஊற்றுவான். காத்தவராயன் கூத்திலே நாயகன் பாத்திரம் ஒருவருக்கே உரியதன்று. ஆதிக் காத்தான், நடுக் காத்தான், பிற்காத்தான் என்று ஓரிரவிலேயே அது கைமாறும். நீண்ட இரவு ஒருவரைக் களைக்கச் செய்யும் என்பது ஒரு காரணம். பலருக்கு இடம் கிடைத்தது என்பது அதனால் விளைந்த பயன்.

வேடம் கலைந்த பின்பும் அது முற்றாக நீங்குவதில்லை. அரசனாக ஆடியவனை ஊர் அரசன் என்றே அழைத்தது. மந்திரியாக ஆடியவன் வாழ்நாள் முழுவதும் மந்திரியாகவே இருந்தான். காங்கேசன்துறையிலே வசந்த கான சபாவை நடத்திய நடிகமணி வி. வி. வைரமுத்துவை நினைப்பவர்கள், இசை நாடக மேடையிலே அவர் ஏற்ற அரிச்சந்திரனையும் சேர்த்தே நினைக்கின்றனர். புனைபெயரே நண்பர்களிடையே உண்மைப் பெயராகிவிடும் இவ்வழக்கம் இணைய விளையாட்டிலும் அப்படியே காணப்படுகிறது.

அந்தக் கூத்து இரவுகள் குன்றியதற்குக் காரணங்கள் பல. சினிமா வந்தது, வாழ்வின் வேகம் கூடியது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைச் செம்மை செய்து, விடியும்வரை நீண்ட ஆட்டத்தைச் சில மணிநேரத்துள் அடக்கி மேடையேற்றினார். படித்தவர்கள் இழிவாக எண்ணிய கலைக்கு அவர் மதிப்பைத் தேடித் தந்தார். 1965 இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் கூத்தைச் சுருக்கி மேடையேற்றிப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது. பின்னர் போர் வந்தது. 1990 முதல் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. அதே ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்களும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஊரடங்கு வேளையிலே விடிய விடிய ஆடுவது எவ்வாறு? ஒரே களரியைச் சூழ்ந்திருந்தவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று சிதறினர்.

சுருக்கிய கூத்து ஆட்டத்தைக் காத்தது. தாளத்தையும் பாட்டையும் காத்தது. அத்தொண்டு பெரிது. ஆனால், நடுச்சாமத்து உறக்கத்தையும் விடியற்காலைத் தேநீரையும் இரண்டு மணிநேரத்துள் அடக்க இயலாது. பொத்தானை அழுத்திச் சேர்ந்த குழுவுக்கு நேர்ந்த குறை, நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்த அவைக்கும் ஓரளவு நேர்ந்தது.

எனினும் ஏக்கம் பாதி உண்மையையே பேசும். பழைய களரியிலே சாதி வேற்றுமை இருந்தது. இன்னார் இன்னாரோடு ஆடலாகாது என்ற தடை இருந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே புனைந்தனர், பெண்கள் பார்த்திருந்தனர். பழைய இணைய ஆட்டங்களும் படிப்பையும் உறக்கத்தையும் விழுங்கியதுண்டு. மேலும், 2019 இல் பழைய ஆட்டம் மீண்டபோது ஆட்டம் மீண்டதே தவிர, அறியாமையோடு கூடித் தேடிய அந்தக் காலம் முழுமையாக மீளவில்லை. வழிகளையெல்லாம் முன்பே அறிந்தவர்கள் விரைந்து முடிப்பதிலேயே கருத்தாயிருந்தனர்.

அப்படியாயின் அவ்வுறவு வெறும் மாயையா? நோர்வே நாட்டிலே தசைகள் நலிந்துபோகும் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஓர் இளைஞர் 2014 இல், தமது 25 ஆவது வயதில் காலமானார். மகன் நட்பின்றித் தனித்து வாழ்ந்தான் என்றே பெற்றோர் வருந்தியிருந்தனர். அவருடைய மறைவை இணையத்தில் அறிவித்ததும், வோர்கிராப்ட் ஆட்டத்திலே அவரோடு ஆடியவர்களின் அனுதாபக் கடிதங்கள் பல நாடுகளிலிருந்து குவிந்தன. சிலர் கடல் கடந்து வந்து இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டனர். அவர் கதை 2024 இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது. வேடம் பொய், அவ்வேடத்துள் நின்று காட்டிய அன்பு பொய்யன்று.

கூத்தை மீட்க விரும்புவோர் எண்ண வேண்டியது இதுவே. ஏட்டை அச்சிடலாம், ஆட்டத்தைப் படம் பிடித்து வைக்கலாம். அவை செய்ய வேண்டியவையே. ஆயினும், பல மாதங்கள் இரவுதோறும் ஊரார் சாதி பேதமின்றி, ஆண் பெண் என்ற தடையின்றி ஒன்றுகூடிப் பழகும் அந்தப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மீட்டாலன்றி, கூத்து மீண்டது என்று கூறல் பொருந்தாது. தடி வெட்டுவதற்கும் தேநீர் ஊற்றுவதற்கும் ஒருவனுக்கு இடமிருக்கும் வரையில், அது ஊருடைய கூத்தாகவே இருக்கும்.