கடன் போன பி.டி. பீரியட்

வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில், நம் ஊரப்பாக்கத்தில், ஒரு கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பேன் என்று நான் எண்ணியதில்லை. நேற்றிரவு இந்த உரையை மூன்று முறை கிழித்தெறிந்தேன். கையில் இருப்பது நான்காவது, பொறுத்தருள்க.

'வளரிளம் பருவத்தினரின் உடற்பருமன்: காரணிகள்' என்பது தலைப்பு. தீட்டிய அரிசி, பொரித்த தீனி, கைப்பேசி, தூக்கக் குறைவு, மரபணு என எல்லாவற்றுக்கும் தனித்தனி அமர்வு இருக்கிறது. நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

நம்மிடையே ஓயாத அளவுகோல் சண்டைக்கு வருகிறேன். பருமனை வரையறுக்கப் பன்னாட்டுக் கோலா, இந்தியப் பிள்ளைகளுக்கான காடில்கர் கோலா? சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 19,000 பிள்ளைகளை அளந்த 'ஆரஞ்ச்' ஆய்வை எடுங்கள். பன்னாட்டுக் கோலின்படி அதிக எடையும் பருமனும் சேர்த்துத் தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 3.6. காடில்கர் கோலின்படி 26.4, 4.6. எதை வைத்து அளந்தாலும் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கோலுக்காக மல்லுக்கட்டிய நாம் இந்த இடைவெளியை எவ்வளவு துருவினோம்?

வசதிதான் காரணம் என்று மூன்றாம் வரிசை நண்பர் போன கருத்தரங்கிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வசதி தானாகப் போய் இடுப்பில் ஒட்டிக்கொள்ளாது. அது எதையோ வாங்குகிறது. பீட்சா என்பார். வேனையும் வாங்குகிறது, ஐயா. காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று பாருங்கள். பள்ளி எதிர்ப்புறம், பத்து நிமிட நடை. சாலையைக் கடக்கவிட அஞ்சி அம்மா பிள்ளையை வேனில் ஏற்றுகிறார். அது நகர் நகராகச் சுற்றி முக்கால் மணி கழித்து இறக்கிவிடுகிறது. அரசுப் பள்ளிப் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கோ விலையில்லா மிதிவண்டி. அந்த 3.6-ஐ நான் கொண்டாடவில்லை; அதற்குள் அரை வயிறும் ஒளிந்திருக்கிறது.

ராமச்சந்திரன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட கட்டுரையை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 13 முதல் 18 வயதுள்ள 4,700 மாணவர்கள். அதிக எடை ஆண்களில் 17.8, பெண்களில் 15.8 சதவீதம். உடலியக்கம் குறைந்தவர்களிடம் இது கூடுதல் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. எண்ணை எடுத்துக்கொண்டோம், அந்த வரியை விட்டுவிட்டோம்.

அந்த உடலியக்கம் எங்கே போகிறது என்பதை அண்மையில் ஒரு பள்ளிக்குப் போனபோது கண்டேன். பத்தாம் வகுப்புச் சுவரில் கால அட்டவணை. வாரத்துக்கு இரண்டு கட்டத்தில் 'பி.டி.' என்று அச்சாகியிருந்தது. இரண்டின் மேலும் பென்சிலில் 'கணக்கு'. பக்கத்து வகுப்பில் பென்சில்கூட இல்லை, பேனா.

எடையும் உயரமும் கேட்கும் நம் ஆய்வுப் படிவத்தில், அந்தச் சுவர்க் கால அட்டவணையின் நகலுக்கும் ஓர் இடம் கேட்கிறேன். நண்பர் கையை உயர்த்திவிட்டார். தேநீருக்குப் பிறகு முதல் வாய்ப்பு அவருக்கே. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.