ரைம் ஷெயரை விற்றுத் தருகிறோம் என்று வருபவர்கள்

இன்றைக்கு ரைம் ஷெயர் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். வாங்குவது பற்றி அல்ல, வாங்கியதை விற்பது பற்றி.

புளோரிடாவுக்கும் கான்கூனுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், இலவசக் காலைச் சாப்பாட்டோடு இரண்டு மணித்தியாலம் பேச்சுக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்த குடும்பங்கள் எங்களுக்குள் இருக்கின்றன. வருடத்தில் ஒரு கிழமை அந்த விடுதியில் தங்கும் உரிமை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டு வருகிறது. இந்த நேரம் பார்த்து ஒருவர் தொலைபேசியில், "உங்களுடைய கிழமையை வாங்க ஆள் இருக்கு" என்றால் யாருக்குத்தான் மனம் குளிராது?

நான் வருமான வரிப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுப்பவன். இப்படியான கடிதங்கள் என் மேசைக்கு வருவதுண்டு. அண்மையில் ஓய்வுபெற்ற அண்ணர் ஒருவர் மனைவியோடு வந்தார். கான்கூனில் உள்ள அவர்களது பங்கை 14,000 டொலருக்கு ஒரு மெக்சிக்கோக் கம்பனி வாங்குகிறதாம். விற்றுக் கொடுப்பவர் புளோரிடாவில் இருக்கிறாராம். மெக்சிக்கோ அரசுக்கு 1,900 டொலர் வரியை முதலில் அனுப்பவேண்டுமாம், விற்பனை முடிய அதுவும் திரும்பி வருமாம். நல்ல தடித்த காகிதம், முத்திரை, இரண்டு கையெழுத்து. அனுப்ப இருந்தது, ஊரில் படுக்கையில் கிடக்கும் தாயாரைப் பார்க்கப் போவதற்கென்று சேர்த்த காசு.

இணையத்தளம் அழகாக இருக்கிறது என்று அண்ணர் சொன்னார். இணையத்தளத்தை ஒரு பின்னேரத்தில் செய்துவிடலாம், அதை விடுவோம். புளோரிடாவில் மற்றவருடைய ரைம் ஷெயரைத் தரகு வாங்கி விற்பதற்கு, வீடு விற்கும் முகவருக்குரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். மாநில அரசின் தளத்தில் பெயரைப் போட்டு, காசில்லாமல் பார்க்கலாம். பார்த்தோம். பெயர் இருந்தது! அக்காவின் முகத்தில் ஒரு சிரிப்பு.

ஆனால் கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு நாங்கள் எடுக்கவில்லை. அரசின் பதிவில் இருந்த முகவரியை வைத்து அந்த அலுவலகத்தின் இலக்கத்தை நாங்களாகவே தேடி எடுத்தோம். அது வேறு இலக்கம். தங்களுக்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை, தங்களுடைய பெயரை யாரோ பாவிக்கிறார்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னார். பெயர் உண்மை, பேசுகிறவன் பொய். பலர் பிடிபடுவது இந்த இடத்தில்தான்.

இது சில்லறைத் திருட்டு அல்ல. 2019 முதல் 2023 வரை அமெரிக்காவில் ஏறத்தாழ 6,000 பேர், மெக்சிக்கோ ரைம் ஷெயர் மோசடிகளில் கிட்டத்தட்ட 300 மில்லியன் டொலரை இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள். 2024 ஆடியில் அமெரிக்கத் திறைசேரியும் எப்.பி.ஐ.யும் சேர்ந்து விட்ட எச்சரிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. பின்னால் நிற்பது ஹலிஸ்கோ போதைப்பொருள் கும்பல். விடுதிகளுக்குள் வேலை செய்யும் சிலரிடமிருந்தே வாடிக்கையாளர் விவரங்கள் அவர்களுக்குப் போகின்றன. ஆகவே, "என்னுடைய விவரம் எல்லாம் சரியாகச் சொல்கிறானே" என்று நம்பவேண்டாம்.

எங்களில் பலர் ஏஜென்சிக்குக் காசு கட்டி வந்தவர்கள். அந்த அவதியிலும், மிச்சக் காசை நம்பிக்கையான மூன்றாம் ஆளிடம் வைத்து, ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கொடுக்கச் சொன்ன தாய்தகப்பன்மார் இருந்தார்கள். அந்தப் புத்தி இங்கேயும் செல்லும். விற்கிறவர் நீங்கள். நேர்மையான முகவர் தரகை விற்ற காசில் கழித்துக்கொள்வார். வரி, பதிவு, காப்புறுதி என்று எந்தப் பெயரில் முன்கூட்டியே கேட்டாலும் பேச்சை நிறுத்துங்கள். இன்னொன்று, பழைய ரைம் ஷெயர் பெரும்பாலும் வாங்கிய விலையில் சிறு பங்குக்குக்கூடப் போவதில்லை. கொடுத்ததைவிடக் கூடத் தருகிறோம் என்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

உண்மையாகவே கைவிட விரும்பினால், வருடாந்தக் கட்டணப் பத்திரத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்து, விடுதியே திருப்பி எடுக்குமா என்று கேளுங்கள். சில விடுதிகள் எடுக்கின்றன. பணம் கிடைக்காது. ஆனால் கட்டணம் நின்றுவிடும்.

ஏற்கெனவே காசு அனுப்பியவர்களுக்கு இரண்டாவது அழைப்பு வரும். சட்டத்தரணி என்பார்கள், இன்ரர்போல் என்பார்கள், இழந்ததை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பார்கள். அதுவும் அதே ஆட்கள்தான். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். கனேடிய மோசடித் தடுப்பு மையத்தின் இலக்கம் 1-888-495-8501. பிள்ளைகளுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தால் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், இருந்து பார்ப்போம்.