ஆசிரியன் தருவது காற்பங்கே

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றல், கற்பித்தல் என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இருபது ஆண்டுகளாகத் தமிழாசிரியத் தொழில் செய்துவரும் அடியேன், அத்தொழிலிற் கண்ட ஓர் உண்மையை மட்டும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அஃது என் சொந்தக் கருத்தன்று. 13-ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கூறிவைத்ததே.

ஆசிரியன் உரைப்பதை மாணாக்கன் எத்துணைச் செம்மையாக ஏற்றுக்கொண்டாலும், அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்பங்கே என்கின்றார் முனிவர். உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்பொழுதுதான் வந்து நிரம்பும். பண்டிதப் பயிற்சிக் காலத்தில் யான் இப்பகுதியை நெட்டுருச் செய்து பரீட்சையிலும் எழுதினேன். ஆயினும் அதன் பொருளை உணர்ந்தேனில்லை. உணர்த்தியவன் ஒரு மாணவன்.

எட்டாம் வகுப்பிற் குற்றியலுகரம் நடத்தினேன். நூற்பாவைச் சொல்லி, அறுவகையையும் கரும்பலகையில் எழுதி, மூன்று நாள் ஒப்பிக்கச் செய்தேன். ஒரு மாணவனுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. “இவன் இல்லிக் குடம்” என்று வகுப்பறிய இகழ்ந்து, அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஒரு நாள் யான் வகுப்பிற்குக் காலந்தாழ்த்துச் சென்றபோது, அவன் தன் பக்கத்துத் தோழனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கக் கண்டு வாயிலில் நின்றேன். “என் உதட்டைப் பார், ‘பசு’ என்னும்போது குவிகிறது, ‘நாடு’ என்னும்போது அவ்வளவு குவியவில்லை, குறுகிய உகரம் இதுதான்” என்றான் அவன். தோழன் தானும் சொல்லிப் பார்த்து நகைத்தான். இருவர்க்கும் பொருள் விளங்கிற்று. மூன்று நாளில் யான் ஒருமுறையேனும் என் உதட்டைப் பார்க்கச் சொன்னேனில்லை. தோழன் கேட்டமையால், அவனுக்கு உரைக்கும்பொருட்டு, அம்மாணவன் தானே அதனைக் கண்டறிந்தான். ஓட்டை குடத்தில் இல்லை. யான் நீர் வார்த்த முறையிலேயே இருந்தது. அன்றுமுதல் எந்தப் பிள்ளையையும் அப்பெயரால் அழைப்பதில்லை.

நம் முன்னோர் இம்முறையை அறிந்தே கைக்கொண்டனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876-இல் மறைந்தபின், அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் அமருமுன்னர், திருவாவடுதுறை மடத்திற் பிறர்க்குப் பாடஞ் சொல்லிவந்தார். திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தறிவித்தான். 1789 முதற் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயிலுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். அதனை அவர் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிடவே, ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திற் பரவியது.

“பிள்ளைகளே பிள்ளைகட்குக் கற்பிப்பரேல் ஆசிரியன் எதற்கு?” என்று வினவலாம். தக்க வினாவே. ஓராசிரியனைக் கொண்டு பல நூறு பிள்ளைகளைச் சிக்கனமாக நடத்தும் சூழ்ச்சியாக இங்கிலாந்தில் அம்முறை மாறியபோது, அது வெறும் ஒப்புவித்தலாய்ச் சுருங்கிற்று. முதற் காற்பங்கைப் பழுதின்றித் தருவதும், பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் உரைப்பதை அருகிருந்து கேட்டுப் பிழை களைவதும் ஆசிரியன் கடன். வாய் ஓய்ந்தபோதும் அவன் செவி ஓய்தல் கூடாது. இந்நாளிற் கைப்பேசியிற் சிறந்த ஆசிரியர்களின் பாடங்களெல்லாம் கேட்கக் கிடைக்கின்றன, நல்லதே. ஆயினும் கேட்டலோடு நின்றால், அதுவும் அந்தக் காற்பங்கிற்கு மேற்படாது.

இனி, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மிகுந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகட்கே பொன்னாடையும் உபகாரச் சம்பளமும் வழங்குகின்றோம். படம் எடுத்து முடிந்ததும் அவர்கள் ஒரு வழி, நாம் ஒரு வழி. மதிப்பெண் குறைந்த பிள்ளையோ, பெற்றோர் பின்னே தலைகுனிந்து வீடு திரும்புகின்றான். இன்றும் இம்மண்டபத்தின் கடைசி வரிசையில் அத்தகையோர் சிலரைக் காண்கின்றேன்.

ஆதலின், உபகாரச் சம்பளம் பெறும் ஒவ்வொரு மாணவரும் வாரத்தில் இரண்டு மாலை இம்மண்டபத்தில் அமர்ந்து, இளையோர் இருவர்க்கேனும் பாடஞ் சொல்லுதல் வேண்டுமென்று ஒரு விதி செய்க. மேற்பார்வைக்கு அடியேன் ஊதியமின்றி வருவேன். இதனாற் பயனடைபவர் இளையோர் மட்டுமல்லர். உரைப்பவனுக்கே அரைப்பங்கு என்பதை மறவாதீர்கள்.

இன்னும் ஒன்று, சிலர்க்கு இது கசக்கலாம். அம்மாலைப் பள்ளியின் கதவு இத்தெருவிலுள்ள எல்லார் பிள்ளைகட்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் குலத்துப் பணத்தாற் கட்டிய மண்டபம் என்பீர்கள், மெய்யே. ஆனால் உடன் கற்பார் வழியே வருவது காற்பங்கு என்றால், உடன் கற்பாரைக் குலத்தளவில் குறுக்குவோர் தம் பிள்ளையின் பங்கையே குறுக்குகின்றார் அல்லரோ? என் கடைசி வரிசை மாணவனும் அவனிடம் கேட்ட தோழனும் ஒரே குலத்தார் அல்லர். அவ்விருவரையும் தனித்தனியே அமர்த்தியிருப்பின், இருவருமே குற்றியலுகரத்தை அறிந்திரார்.

பெரியோர்கள் இதனை ஆராய்ந்து, அடுத்த நிருவாகக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டுகின்றேன்.